விளக்கு வைக்க நேரமில்லாத வீடுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாத இறுதியை அண்டி வருகின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதி எமது ஊர் வீதியாகி விடுகின்றது. 1985 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வீதியுலா வருகின்ற நாள் அது. காவடியும் கற்பூரச்சட்டியும் நாதஸ்வரமும் தவிலுமாக ஆயிரக்கணக்கான எம்மவர்கள் திரள்வதையும், கடைவாசல்களில் மலைபோற் குவிக்கப்பட்ட தேங்காய்கள் அடுத்தடுத்துச் சிதறுவதையும், பிரெஞ்சு மக்கள் மேல்மாடிச் சாளரங்களில் நின்று வியப்போடு பார்ப்பதையும் கண்டவர்கள், அகதிகளாக வந்த ஓர் இனம் தனது தெய்வத்தையும் கூடவே அழைத்து வந்துவிட்டது என்றே எண்ணுவர். அந்த எண்ணத்தில் உண்மையும் உண்டு.

அன்று மாலையே நகரசபைத் துப்புரவு வாகனங்கள் வந்து சிதறிய தேங்காய்களை அள்ளிச் சென்றுவிடும். மறுநாள் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, முதல்நாள் பட்டுச்சேலையோடு கற்பூரச்சட்டி ஏந்திச் சென்ற அதே பெண், அலுவலகக் கட்டடமொன்றின் படிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். காவடி எடுத்த அவரது கணவர் உணவகமொன்றின் நிலவறைச் சமையற்கூடத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார். அடுத்த தேர் வருவதற்கு இன்னும் முந்நூற்றுச் சொச்ச நாட்கள் உள்ளன. அந்த நாட்களில் இவ்விருவரும் தமது இறைவனோடு தனித்து, ஐந்து நிமிடமேனும், பேசுவதற்கு வாய்க்கின்றதா? இதையே இவ்வாரம் நாம் எமது வாசகர்களிடமும் எம்மிடமும் கேட்க விரும்புகின்றோம்.

ஆலயங்கள் பெருகியதைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஓர் அறைக்குள் எட்டுப் பத்துப் பேராகப் படுத்துறங்கிய தொடக்க காலத்தில், பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த சாமிப்படத்தைச் சுவரில் ஒட்டி, அதற்கு முன்னால் பக்தியோடு நின்றவர்கள்தாம் பின்னர் ஆலயங்களை எழுப்பினார்கள். லண்டன் ஹைகேற்றில் 1986 இல் முருகனுக்கு ஆலயம் அமைந்தது. யேர்மனியின் ஹம் நகரில் 2002 இல் காமாட்சி அம்பாளுக்கு இராஜகோபுரத்துடன் கூடிய பெருங்கோவில் எழுந்தது. எமது கத்தோலிக்க மக்கள் ஆண்டுதோறும் லூர்து மாதாவிடமும் கேவலார் மாதாவிடமும் பேருந்துகளில் செல்கின்றார்கள். அவர்களோடு சைவ மக்களும் மடுவுக்குப் போன அதே பழக்கத்தில் கூடிச் செல்கின்றார்கள். இவை எல்லாம் எமது உழைப்பின் விளைவுகள். இவற்றை நாம் மதிக்கின்றோம். ஆனால் பொது வழிபாடு வளர்ந்த அளவுக்குத் தனி வழிபாடு தேய்ந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. கோவில் பெரிதாகிவிட்டது. வீட்டிலுள்ள சாமித்தட்டோ கிழமைக் கணக்கில் தூசி படிந்து கிடக்கின்றது.

ஊரிலே எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பார்ப்போம். பொழுது சாய்ந்ததும் வீட்டில் விளக்கு வைப்பார்கள். கால்முகம் கழுவித் திருநீறு பூசி, தேவாரம் பாடி முடிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் சாப்பாடு கிடையாது. கிறிஸ்தவ வீடுகளிலே குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார்கள். ஐந்தாம் காரணிக்கம் வருவதற்கு முன்பே சின்னப் பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கி விழுந்துவிடும். நாமும் அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்தவர்களே. அந்நேரத்தில் எமக்குப் பக்தியை விடப் பசியே அதிகமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் வீடு முழுவதும் ஓய்ந்து ஓர் ஒளிக்கு முன்னால் அமர்ந்தது. அந்த ஓய்வு எமக்குள் எங்கேயோ படிந்து கிடக்கின்றது.

அந்தப் பழக்கத்தைத் தாங்கி நின்றது எமது பக்தி மட்டுமா? ஊரின் பொழுதே அதைத் தாங்கியது என்பது எமது கருத்து. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வேளையில் இருளும் நாடு அது. கோவில் மணி கேட்கும். தேவாலயத்தில் திரிகாலமணி அடிக்கும். மாடுகள் பட்டிக்குத் திரும்பும். எவரும் மணிக்கூடு பார்த்து விளக்கு வைத்ததில்லை. இந்த நாட்டில் மார்கழியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடுகின்றது. ஆனி மாதத்திலோ இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகின்றது. இங்கே எதனைப் பொழுதுபட்ட நேரம் என்பது? அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கின்றார்கள்? தாய் விடியற்காலையில் துப்புரவு வேலைக்குப் போய், மதியம் வந்து, மாலையில் இரண்டாவது வேலைக்குப் போகின்றார். தந்தை நண்பகலுக்குச் சற்று முன் போய், இறுதி மெற்றோவில் நள்ளிரவு தாண்டி வருகின்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சாவியைப்போல வீட்டுச் சாவியையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தாமாகவே வந்து தாமாகவே சாப்பிடுகின்றார்கள். ஒரே கூரையின் கீழ் வாழும் நான்கு பேர் ஒருவரையொருவர் விழித்த நிலையில் காண்பதே ஞாயிற்றுக்கிழமையில்தான். அதுவும் சாமத்தியச் சடங்கோ பிறந்தநாள் விழாவோ இல்லாத ஞாயிறாக இருந்தால். (வீட்டிலே சாம்பிராணி போட்டாற் புகை எச்சரிக்கைக் கருவி அலறுகின்றது என்பதும், அயலவர் கதவைத் தட்டுகின்றார் என்பதும் வேறு கதை.)

ஆகவே, "முந்தி மாதிரிச் சாமி கும்பிட முடியவில்லை" என்று மனம் நோகின்றவர்களுக்கு நாம் முதலிற் சொல்வது இதுதான்: நீங்கள் பக்தியிற் குறைந்தவர்கள் ஆகிவிடவில்லை. உங்களைத் தாங்கிய பொழுது பறிபோய்விட்டது. வீட்டையும் காணியையும் பறிகொடுத்ததைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கின்றோம். மாலைப்பொழுதைப் பறிகொடுத்ததைப் பற்றி எவரும் பேசியதில்லை.

நேரம் போனது ஒருபுறம் இருக்க, கிடைக்கும் சிறிது நேரத்திலும் எமது வழிபாடு எவ்வாறானதாக மாறிவிட்டது என்பதையும் பார்க்கவேண்டும். வதிவிட அனுமதி கிடைத்தால் நூற்றெட்டுத் தேங்காய். ஏஜென்சிக்குப் பட்ட கடன் தீர்ந்தால் தூக்குக் காவடி. மகளுக்குக் கலியாணம் பொருந்தினால் அம்மனுக்குச் சேலை. நேர்த்தி வைப்பது எமது முன்னோர் வழி. அதனை நாம் இகழவில்லை. நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேன்முறையீட்டுக்கு நாள் எண்ணுகின்ற ஒருவனுக்கு, இறைவனிடம் கேட்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கின்றது? கேட்கத்தான் வேண்டும். ஆனால் காலப்போக்கில் நாம் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் மட்டுமே இறைவனிடம் போகின்றவர்களாகி விட்டோம். கடன்காரனிடமும் இப்படித்தான் போகின்றோம். கொடுக்கவேண்டிய தவணை இல்லாத மாதத்தில் அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் பார்ப்பதில்லை. விசா கிடைத்த பின்னர் எத்தனை பேர் கோவிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதை அர்ச்சகர்களிடம் கேட்டாற் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

இன்னொரு சாரார் இருக்கின்றார்கள். அவர்கள் கேட்பதையும் நிறுத்திவிட்டவர்கள். இவர்களை நாத்திகர் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். 1995 யூலை 9 ஆம் நாள், விமானக் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தங்கியிருந்தார்கள். அங்கேதான் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20 ஆம் நாள் மடு மாதாவின் நிழலிற் படுத்திருந்த அகதிகள் மீது எறிகணைகள் விழுந்தன. தெய்வத்தின் வீட்டுக்குள்ளே ஓடி வந்தவர்களைத் தெய்வம் ஏன் காக்கவில்லை என்று கேட்பவனிடம் நாம் என்ன சொல்ல முடியும்? "கர்மவினை" என்றும் "ஆண்டவருடைய சோதனை" என்றும் ஆயத்தமாகப் பதில் வைத்திருப்பவர்கள் உண்டு. செத்த வீட்டில் அவ்வாறு பேசுகின்றவர்களைப் பார்க்கும்போது எமக்குக் கோபமே வருகின்றது. விவிலியத்திலே யோபு தனது பிள்ளைகளையெல்லாம் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தபோது நண்பர்கள் மூவர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் நன்றாகச் செய்தது அது ஒன்றே. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னர்தான் அவர்கள் பிழைத்தார்கள். கடைசியில் இறைவனே அவர்களைக் கடிந்துகொண்டார். அழுது, முறையிட்டு, வழக்காடிய யோபுவை அவர் கடியவில்லை என்று கூறமாட்டோம்; கேள்விமேற் கேள்வியாகக் கேட்டே விட்டார். ஆனால் சரியாகப் பேசியவன் அவனே என்றும் சொன்னார்.

பாரிஸ் புறநகரொன்றில் எமக்குத் தெரிந்த ஓர் அம்மா வாழ்கின்றார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய கூட்டத்தில் அவருடைய மகனைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கின்றார்கள். அதற்குப் பின்னர் கண்டவர்கள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மகன் பிறந்த நாளில் அவர் கோவிலுக்குச் சென்று, அவனுடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைச் சிட்டை எடுப்பார். அர்ச்சனை உயிரோடிருப்பவருக்குச் செய்வது. உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "அக்கா, எத்தனை வருசமாச்சு, அவன்ரை ஆத்மசாந்திக்கு ஏதாவது செய்யுங்கோவன்" என்று கூறினாராம். அன்றோடு அந்த உறவினர் வீட்டுக்குப் போவதை அம்மா நிறுத்திக்கொண்டார். ஆத்மசாந்திக்கு வேண்டினால் அவன் இல்லை என்று தானே தீர்ப்பெழுதியது போலாகும். அவனைத் திரும்பத் தா என்று கேட்கவும் வர வர வாய் எழவில்லை. செபிப்பதற்கே சொல்லற்றுப் போன நிலை இது. ஊரிலே, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் தமது பிள்ளைகளின் படங்களை ஏந்திப் போராட்டம் தொடங்கிய தாய்மாரில் எத்தனையோ பேருக்கும் இதே நிலைதான். அவர்களிற் பலர் பதில் எதுவும் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். இத்தகைய ஒருவருக்கு இறைவனோடு உறவு வைத்துக்கொள்வது எப்படி என்று பாடம் எடுக்க எமக்குத் தகுதி இல்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். கோபத்தோடு இறைவன் முன் நிற்பது பாவம் என்று எமது சமயங்கள் எதுவும் கூறவில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்றும் வன்தொண்டர் என்றும் அழைக்கின்றோம். திருவொற்றியூரிலே கொடுத்த சத்தியத்தை மீறி அவர் கண்பார்வை இழந்தார். பிழை அவருடையது, அதை அவரும் அறிவார். அப்படியிருந்தும் வழிநெடுக இறைவனோடு சண்டை பிடித்துக்கொண்டே நடந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். அவர் பாடிய கோபப் பாட்டுக்களைத் திருமுறையிலிருந்து எவரும் அகற்றவில்லை. இன்றும் கோவில்களில் ஓதுகின்றார்கள். கிறிஸ்தவர்களின் திருப்பாடல்களிலும் இறைவா ஏன் எம்மைக் கைவிட்டாய் என்ற முறைப்பாடுகள் எத்தனையோ. சண்டை பிடிப்பதற்கும் ஓர் உறவு வேண்டும். அறியாதவனோடு யாரும் கோபிப்பதில்லை. எனவே கோபம் வந்து கும்பிடுவதை விட்டவர்களிடம் நாம் கேட்பது, அந்தக் கோபத்தை நண்பர்களிடமும் மதுப்போத்தலிடமும் சொல்வதற்கு முன் உரியவரிடமே ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்பதே. அழகான சொற்கள் தேவையில்லை. தேவாரம் தெரிந்திருக்கவேண்டியதில்லை.

இனி நேரத்தைப் பற்றி. இங்கே, இதே பாரிஸ் நகரத்தில், சமையற்கூடத்தில் வேலை செய்த ஒருவரைப் பற்றி எமது வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகின்றோம். நகரின் மிக நீண்ட வீதி என்று சொல்லப்படும் வோஜிரார் வீதியில் பழைய கார்மேல் சபை மடத்தின் தேவாலயம் இன்றும் நிற்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் அந்த மடத்தில் லோறன்ஸ் என்ற சகோதரர் ஒருவர் இருந்தார். லொறேன் பகுதியில் பிறந்த ஏழை. முப்பதாண்டுப் போரிலே படைவீரனாக இருந்து காயப்பட்டவர், நடக்கும்போது நொண்டுவார். படிப்பு அதிகமில்லாததால் குருவாக வரவில்லை. அவரைச் சமையலுக்கு விட்டார்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. அதையே பல ஆண்டுகள் செய்தார். மடத்துக்கு வைன் வாங்கி வரும்படி தொலைதூரத்துக்கு அனுப்புவார்களாம். வியாபாரமும் தெரியாது, காலும் வழங்காது. படகிலே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதற்குப் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போனாராம். போரிலே காயப்பட்டு, அந்நிய நகரிலே வந்து, விருப்பமில்லாத சமையற்கூட வேலையில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர்! இவரை நாம் அறிவோம். லா சப்பல் தேநீர்க்கடைகளில் இவரோடு இருந்து எத்தனையோ முறை பேசியிருக்கின்றோம்.

இந்த மனிதர் கண்டுபிடித்தது மிக எளிமையான ஒன்று. செபத்துக்கென்று ஒதுக்கிய நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் இடையே சுவர் வேண்டியதில்லை என்பதே அது. அடுப்பிலே இருப்பதைப் புரட்டும்போதும், தரையிலே கிடந்த துரும்பை எடுக்கும்போதும், கூட இருப்பவரிடம் பேசுவதுபோல இறைவனிடம் இரண்டொரு சொல் பேசுவார். ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்டுக் கூச்சலிடும் சமையற்கூடத்திலும் தாம் தேவாலயத்தில் முழந்தாளிட்டிருப்பது போன்ற அமைதியோடு இருப்பதாகச் சொன்னார். இது ஒரு நாளில் வந்ததில்லை. முதல் பத்தாண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே எழுதியிருக்கின்றார்; மனம் மறுபடி மறுபடி அலைந்து போகும், மறுபடி மறுபடி அழைத்து வருவார், அதற்காகத் தன்னை நொந்துகொள்ள மாட்டார். வயதான காலத்தில் அவரைச் செருப்புத் தைக்கும் பட்டறைக்கு மாற்றினார்கள். 1691 இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் ஒரு குருவானவர் திரட்டி வெளியிட்டதனால்தான் இன்று அவரைப் பற்றி உலகம் அறிகின்றது. இல்லாவிட்டால் எத்தனையோ சமையற்காரரைப் போல அவரும் மறைந்திருப்பார்.

மடத்துச் சகோதரருக்கு வீட்டு வாடகையும் சீட்டுக்காசும் உண்டியலில் அனுப்பவேண்டிய பணமும் இருந்ததா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்கு அவை இல்லை. எமது சுமை வேறு. ஆனால் அவர் செய்தது சுமை இறங்கிய பின் செய்யும் காரியமன்று என்பதையே நாம் இங்கே காட்ட விரும்புகின்றோம். எம்மவரிற் பெரும்பாலானோர், விசா வரட்டும், கடன் முடியட்டும், பிள்ளைகள் பெரியவர்களாகட்டும், பிறகு ஆறுதலாக இறைவனை நினைப்போம் என்று தள்ளிப் போடுகின்றார்கள். 1980களில் வந்து அவ்வாறு தள்ளிப் போட்டவர்களுக்கு இப்போது ஓய்வூதிய வயது. ஓய்வு கிடைத்துவிட்டது; பேசத் தொடங்கச் சொல் வருவதில்லை. நாற்பது ஆண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தவனிடம் திடீரெனத் தொலைபேசி எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கின்றது என்று ஒரு பெரியவர் எம்மிடம் கூறினார்.

வசதி வந்த பின் கோவில் என்ற எண்ணத்துக்கு எமது பெரியபுராணமே பதில் வைத்திருக்கின்றது. திருநின்றவூர்ப் பூசலாருக்குச் சிவனுக்கு ஒரு கோவில் கட்ட ஆசை, கையிலே காசில்லை. பலரிடம் கேட்டும் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அத்திவாரம் இட்டார், விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, மதில் கட்டி, குளமும் தோண்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளிலே காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்கோவிலுக்கும் நாள் வைத்திருந்தான். அரசனுடைய கனவில் இறைவன் தோன்றி, நாளை நாம் பூசலாரின் கோவிலுக்குப் போகின்றோம், நீ உன் விழாவைப் பிறிதொரு நாளுக்கு வைத்துக்கொள் என்றார். திருநின்றவூருக்கு வந்த அரசன், ஊரெல்லாம் தேடியும் கோவிலைக் காணாமல் திகைத்தான் என்கிறது புராணம். இந்தக் கதையை நாம் சிறுவயதில் சமயபாடப் பரீட்சைக்காகப் படித்தோம். அகதியான பின்னர்தான் அது எமக்காக எழுதப்பட்டது போலத் தோன்றுகின்றது. மெற்றோவிலே நாற்பது நிமிடம் கண்மூடி அமர்ந்திருக்கும் ஒரு பெண், நல்லூர் வீதியையோ தனது ஊர் அம்மன் கோவிலின் வேப்பமரத்தையோ மனத்திலே சுற்றி வருவாரானால், பூசலார் செய்ததைத்தான் அவரும் செய்கின்றார். அதற்கு எந்தச் சிட்டையும் எடுக்கத் தேவையில்லை. தங்கள் தெய்வங்களுக்கு மண்டபங்களையும் நன்கொடையாளர் பெயர்ப்பலகைகளையும் பெருக்கிக்கொண்டு போகின்ற நிருவாகசபையினரும் அந்தப் பல்லவ மன்னனின் கனவை இடைக்கிடை நினைத்துக்கொள்வது நல்லது.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பிட உட்கார்ந்தால் தூக்கம் வருகின்றது, இது பாவமில்லையா என்று கேட்கின்றவர்கள் உண்டு. எலியா இறைவாக்கினர் உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டோடிய ஓர் அகதியே. பாலைவனத்திலே ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். இறைவன் அனுப்பிய தூதர் வந்து அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார். பேச்சு எல்லாம் அதற்குப் பின்னர்தான். இரண்டு வேலை செய்துவிட்டு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் கண் அயர்கின்ற தாய்க்கு இதற்கு மேல் நாம் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. அதே வேளை, மாதக்கணக்கில் தூக்கமே இல்லாமல், சாகவேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகின்றவர்கள் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். எலியாவுக்கும் செபத்துக்கு முன் சாப்பாடும் தூக்கமும் தேவைப்பட்டன. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் சாமிமாரையும் போதகர்மாரையும் நம்பாதீர்கள்.

பிள்ளைகள் விடயத்தில் நாம் கூறப்போவது சிலருக்குப் பிடிக்காமற் போகலாம். தேவாரமும் திருப்பாடல்களும் எமது பிள்ளைகள் தமிழிலே பாடவேண்டும். அதற்காகத் தமிழ்ப் பாடசாலைகள் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் மேடையிலே பண்ணிசைப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளையிடம், நீ பாடியதன் பொருள் என்ன என்று கேட்டால் விழிக்கின்றது. பாட்டு வேறு, தன் மனத்தில் இருப்பதை இறைவனிடம் சொல்வது வேறு. பள்ளியிலே நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள், சோதனையில் புள்ளி குறைந்துவிட்டது, அம்மாவும் அப்பாவும் பணத்துக்காகச் சண்டை போடுகின்றார்கள் என்பவற்றையெல்லாம் அந்தப் பிள்ளை எந்த மொழியில் நினைக்கின்றதோ அந்த மொழியில்தான் செபிக்க முடியும். பிரெஞ்சில் செபித்தால் செபிக்கட்டுமே. இறைவனுக்கும் வதிவிட அனுமதி கிடைக்க மொழிப் பரீட்சை வைத்திருக்கின்றோமா என்ன? படுக்கப் போகுமுன் பிள்ளையின் அருகில் இரண்டு நிமிடம் இருந்து, இன்று கடவுளிடம் சொல்ல என்ன இருக்கின்றது என்று கேட்டால் போதும். வேலைக்குப் போகும் தந்தை தொலைபேசியிலும் கேட்கலாம். பிள்ளைகள் சொல்லும் பதில் சில வேளை எம்மை உலுக்கிவிடும். அது எமக்கும் தேவையானதே.

அந்த அம்மாவைச் சில மாதங்களுக்கு முன் மறுபடி சந்தித்தோம். மகனுடைய பிறந்தநாள் அண்மையிற் கழிந்திருந்தது. கோவிலுக்குப் போனீர்களா என்று கேட்டோம். போனாராம். பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொன்னபோது, பல ஆண்டுகளாக அவரைக் கண்டு பழகிய ஐயர் வேறொன்றும் கேட்காமல், வழமைபோலவே வாசித்தாராம். "இப்ப நான் ஒண்டும் கேக்கிறேல்லைத் தம்பி. பேரை மட்டும் சொல்லுவன். காலமை படி கூட்டேக்கையும் சொல்லுவன். அவருக்குத் தெரியும்தானே" என்றார். யாருக்குத் தெரியும் என்று நாம் கேட்கவில்லை. பேருந்து வந்துவிட்டது, மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஏறிப் போய்விட்டார்.